மூடிக்குள் வைத்த மஞ்சள்

1. வெள்ளிக்கிழமை, சுவிஸில் எங்கள் அட்லிஸ்வில் முருகன் கோயிலில் அம்மா கொஞ்சம் மஞ்சள்தூளை மடித்துத் தந்தார். "புதுப் பெட்டி திறக்கேக்க ஒரு பொட்டு வை, பிள்ளை."
2. திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் புதிய கண்ணாடித் தகட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். வெளியே வைத்தால் பேராசிரியர் கேட்பார் என்று மூடியின் உட்புறத்தில்.
3. செவ்வாய் காலை நுணுக்குக்காட்டியில் பார்த்த தகடெல்லாம் பச்சை.
4. சில்லுக் கதிரையில் நுணுக்குக்காட்டி இருக்கும் இருட்டறையை மூன்று சுற்றுச் சுற்றினேன்.
5. அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். இதைச் செய்திருக்கக் கூடாது.

பச்சைக்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன். வளர்ந்த நரம்புக் கலம், அதாவது செல், இரண்டாகப் பிரிவதில்லை. ஆனால் அல்சைமர் நோயாளரின் மூளையில் சில நரம்புக் கலங்கள் அந்தப் பழைய வேலையைத் திரும்பத் தொடங்கியதற்குத் தடயங்கள் உண்டு. டி.என்.ஏயைப் பிரதி எடுக்கும், பிரிந்து முடிக்காது, கடைசியில் இறந்துவிடும் என்று கருதுகிறோம். நான் வளர்த்த கலங்களுக்கு அந்த நோயில் படியும் புரதத்தைக் கொடுத்திருந்தேன். நான் சேர்த்த சாயத்தில், பிரதி எடுக்கத் தொடங்கிய கலம் மட்டும் பச்சையாக ஒளிர வேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் ஒன்றும் ஒளிராவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அம்மா முதியோர் இல்லமொன்றில் மறதிநோயாளரைப் பராமரிப்பவர்.

"அம்மா, எல்லாம் பச்சை!"

"பச்சையெண்டால் நல்லதோ?"

"எனக்கு நல்லது. மூளைக்குக் கூடாது."

"இதென்ன சந்தோசமடி!"

"இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"பிந்திட்டாய். சின்னம்மா மற்ற லைன்ல நிக்கிறா, கேட்டுக்கொண்டுதான்."

பக்கத்து மேசைக்காரன், கடிகாரத்துக்குப் பெயர்போன பீல் நகரில் கடிகாரம் பூட்டுபவரின் மகன். சின்னப் பிழை அவன் கண்ணுக்குத் தப்பாது. என் திரையை எட்டிப் பார்த்து, கலமே இல்லாத இடமும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டான்.

வெறும் கண்ணாடி ஒளிர்ந்துகொண்டிருந்தது. புரதம் கொடுக்காத தகடுகளும் ஒளிர்ந்தன. பெட்டியைத் திறந்து மூடியைக் காட்டினேன். நீல ஒளி பட்டால் மஞ்சள் தானாகவே பச்சையாக ஒளிரும். அது எனக்குத் தெரியும், பாடமாகவே படித்திருக்கிறேன். பொட்டு உதிர்ந்து எல்லாத் தகட்டிலும் பரவியிருந்தது. இந்தப் பொட்டைக் கடிகாரத்துக்கும் வைக்கலாமா என்று அவன் கேட்க, வயிறு நோகும்வரை இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

நல்ல காலம், புரதம் கொடுத்த கலங்களில் பாதியைத் தகட்டில் ஏற்றாமல் குளிர்பெட்டியில் மிச்சம் வைத்திருந்தேன். புதன்கிழமை வேறு பெட்டி, வேறு கையுறை, பொட்டு இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. அடுத்த தகடும் கறுப்பு. நாலாவதில், நரம்புக் கலம் என்று காட்டும் சிவப்பு நிறத்தின் நடுவே ஒரு சின்ன வட்டம், பச்சை. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. உடனே கதிரையில் சுற்றவில்லை. நாலு தரம் எண்ணிவிட்டுத்தான் சுற்றினேன். பிறகு அம்மாவுக்குத் திரும்ப ஃபோன் எடுத்தேன்.

"மூண்டோ? நேற்று எல்லாம் எண்டாய்."

"நேற்று ஒளிர்ந்தது உங்கட மஞ்சள், அம்மா."

"அப்ப பார்! முருகன் முழுசா வெளிச்சம் போட்டுக் காட்டினவர். நீதான் துடைச்சுப்போட்டாய்."

வியாழக்கிழமை கூட்டத்தில் மூன்று கலங்களையும் காட்டினேன், மஞ்சள் கதையையும் சொன்னேன். மூன்று போதாது. புதிய கலங்களில் திரும்பச் செய்ய இரண்டு மாதம் தந்திருக்கிறார்கள். தலைப்பு இன்னும் என்னுடையதுதான். பொட்டு வைத்த பெட்டியில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன.