நீலமேகம் தூக்கிப் பார்த்த ஆம்ப்ளிஃபயர்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிற நீலமேகத்துக்கு, எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மற்றவர்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். இவர் பாட்டுப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். கடைக்காரர் 'இத்தனை வாட்ஸ், ஜப்பான் சிப்பு' என்று ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே, பெட்டியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, கண்ணை மூடி மெல்ல உயர்த்தி, "ஏழே கால் கிலோ" என்பார். தராசில் வைத்தால் ஏழே காலாகத்தான் இருக்கும். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த எடை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு. முன்னறை பத்துக்குப் பத்து. தொண்ணூற்றெட்டில் டேப் ரெக்கார்டரைத் தள்ளிவிட்டு நாலு கிலோவில் ஒரு சிடி பிளேயர் வாங்கினார். இரண்டே வருஷத்தில் அது ஆறு கிலோ ஆயிற்று. ஸ்பீக்கர்கள் வளர்ந்து வளர்ந்து, கட்டில் உள்ளறைக்குக் குடிபோனது. இரண்டாயிரத்து மூன்றில், ராயபுரத்தில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் ஜெயவேலிடம் பன்னிரண்டு கிலோவில் ஒன்றை வாங்கி, படிக்குப் படி மூச்சு வாங்கி மேலே கொண்டுவந்து சேர்த்தார். சட்டை கம்பெனியில் காலர் தைக்கிற அவர் மனைவி மலர்க்கொடி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது பாட்டு கேக்க வாங்குனியா, இல்ல வூடு காத்துல பறந்துடாம இருக்க வாங்குனியா?"

"நிறைகுடம் தளும்பாது. கனம் இருந்தா தான் சத்தம் நிக்கும். உனக்கு இன்னா தெரியும்" என்றார் நீலமேகம்.

குடியிருப்பில் யார் செட்டு வாங்கப் போனாலும் முதல் கேள்வி, நீலமேகம் தூக்கிப் பார்த்தாரா என்பதுதான். அவர் சொல்லை நம்பி ஐந்து வீட்டுக்காரர்கள் அதே ஜெயவேலிடம் அதே கனத்தில் வாங்கினார்கள். மார்க்கெட்டில் நாளெல்லாம் முதலாளி சொன்னதைச் செய்கிற மனுஷருக்கு, சாயங்காலம் வீடு திரும்பினால் நாலு பேர் அவர் சொல்லுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பெயர் போனால் அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லை.

அந்தப் பெயருக்கு வினை எதிர் வீட்டு நீலா வடிவில் வந்தது. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். தைக்கும்போது பாட்டு கேட்க ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தார். இங்க் பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிசு. நீலமேகம் அதை ஒரு கையால் தூக்கினார், பிறகு இரண்டு விரலால் தூக்கினார், பிறகு சிரித்தார்.

"முந்நூறு கிராம். இதுல இன்னாம்மா கீது, காத்து தான் கீது."

"நீ தூக்கிப் பாத்த. நான் கேட்டுப் பாத்தேன்ணா" என்றார் நீலா.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இவரும் விடவில்லை, அவரும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி என்று முடிவாயிற்று. ஸ்பீக்கரும் சிடியும் நீலமேகத்துடையவை; ஆம்ப்ளிஃபயர் மட்டும் மாற்றி மாற்றி. எது பாடுகிறது என்று பார்க்கக் கூடாது என நிபந்தனை போட்டவரும் அவர்தான். மார்க்கெட்டில் லாரிக்காரர் முகத்தைப் பார்த்து எடை சொல்லக் கூடாது என்பது அவர் வழக்கம். அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நீலா வயரை மாற்றினார். மாடியே வாசலில் நின்றது.

பாட்டின் நடுவே சலங்கை ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை அது மொத்தமாக ஜல் என்று வந்து போயிற்று. இரண்டாம் தடவை ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. ஆட்டக்காரி காலை ஊன்றுவதுகூடக் கேட்டது. நீலமேகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

"ரெண்டாவது தான்" என்றார்.

திரும்பிப் பார்த்தார். இங்க் பாட்டிலில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

எல்லோரும் போன பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே கையகலத்தில் ஒரு சர்க்யூட், தேங்காய் மூடி அளவு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். மிச்ச இடத்தில், அடித்தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்புத் துண்டு. கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அரை இன்ச் பிளேட்டு. ஆறு கிலோவுக்குக் குறையாது.

பஸ் பிடித்து ராயபுரம் போனார். ஜெயவேல் கொஞ்சமும் அசரவில்லை.

"மொதல்ல இரும்பு இல்லாம தான் பண்ணேன் நைனா. நீ தூக்கிப் பாத்துட்டு, உள்ள ஒண்ணுமே இல்லன்னு வச்சுட்டுப் போயிட்ட. உன் பின்னால வந்தவங்களும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அப்பால தான் வச்சேன். உங்க சாத்தாங்காட்டு இரும்பு தான், சுத்தமான சரக்கு."

சண்டை போடப் போனவர் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். கேட்டு வாங்கிய அடிக்கு யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டில் மலர்க்கொடி சமாதானம் சொன்னார். "மத்தவங்க யாரும் தொறந்து பாக்கல. பாட்டு பாடிகினு தான கீது. நீ பாட்டுக்கு சும்மா இரு."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்த ஐந்து வீட்டுக்காரர்களின் முகத்தில் தினம் எப்படி விழிப்பது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் மூன்றாவது மாடி அசோகன் வீடு. "என் பேச்சக் கேட்டு ஏமாந்துட்ட அசோகா" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூக்கள் வெண்ணெய் போலக் கழன்று வந்தன. இரும்பைப் பார்த்ததும் அசோகன் "அய்யய்யோ, இரும்பாண்ணா?" என்று வாயில் கை வைத்தார். அடுத்த மூன்று வீடுகளிலும் அதே ஆச்சரியம், கூடவே ஆறுதல். திட்டு வாங்கத் தயாராகப் போனவருக்கு நாலு வீட்டிலும் டீதான் கிடைத்தது.

கடைசி, கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நடிக்கத் தெரியாதவர். நீலமேகம் பேச்சை ஆரம்பிக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

"தெரியும்ணே. போன கிறிஸ்மஸுக்கே ஃபியூஸ் போச்சுன்னு எங்க வீட்டுக்காரங்க தொறந்து பாத்துட்டாங்க. அன்னைக்கே மத்த வீட்லயும் தொறந்து பாத்தாச்சு. உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சிருந்தோம்."

"ஏம்மா சொல்லல?"

"ஜெயவேல் கடையில நீங்க எங்க செட்டத் தூக்கிட்டு சிரிச்சீங்கல்லா, பச்சப்புள்ளயத் தூக்குன மாதிரி. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

நீலமேகம் அங்கிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, இவ்வளவு பேருக்கு நம்மேல் இத்தனை பிரியமா என்று கண்ணும் நிறைந்தது. தன் பெயரைத் தான் காப்பாற்றி வருவதாக நினைத்திருந்தார். ஒரு குடியிருப்பே சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மற்ற நாலு வீட்டாரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். யோசித்தால், அசோகன் அந்த 'அய்யய்யோ'வைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார்.