இருநூறு வயதுத் தோணி

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மூக்கர். பழைய மரச்சாமான்களுக்கு வயதும் விலையும் சொல்வது அவர் தொழில். ஒரு நாற்காலியை முகர்ந்து பார்த்துவிட்டு, அதில் முதன்முதலில் உட்கார்ந்தவருக்கு மூலம் இருந்தது என்று சொன்னவர். பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டட்டும். மிச்சம் இருப்பவை மூன்றுதான். அவர் சொல்லச் சொல்லச் சான்றிதழைத் தட்டச்சு செய்வது நான். முப்பது வருடத்தில் எதற்கும் ஒரு வயதைக்கூட அவர் கூட்டிச் சொன்னதில்லை. என் வயதைத் தவிர.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. கரையில் விடுதி கட்டுகிறவர் சேற்றிலிருந்து ஒரு தோணியை எடுத்தார். ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அதைக் கொட்டகையில் போட்டுவிட்டு எங்களைக் காரில் வந்து அழைத்துப்போனார்.

"ஐயா, வரவேற்பறையில தொங்கவிடப் போறேன். தாத்தா காலத்துதுன்னா பத்தாது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துதுன்னு சொல்லணும்."

"தோணி சொல்றதைத்தான் நான் சொல்வேன். உங்க தாத்தாவை எனக்குத் தெரியாது."

முகர்ந்தார். சேற்று வாடைதான். பிறகு கைவிளக்கை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து உட்புறத்தைப் பார்த்தார். தச்சரின் வாச்சி செதுக்கிய தடங்கள் மீன் செதில்போல வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு தடத்திலும் தலைமுடி கனத்துக்கு ஒரு வரி மேடாக நின்றது. வாச்சியின் வாயில் ஒரு பல் பெயர்ந்திருந்தால்தான் அப்படி விழும்.

அந்த வரியை விரலால் தடவினார். எங்கள் வீட்டு வாச்சியை ஆணியில் போட்டுப் பல் பெயர்த்தவர் அவரேதான்.

அந்த வாச்சியை எடுத்துத்தான் என் கொழுந்தன் பத்தொன்பது வயதில் ஒரு தோணி குடைந்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்போது பேச்சு கிடையாது. எதனால் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. ஒரு நாள் காலையில் தோணியும் இல்லை, அவனும் இல்லை. "ரோஷக்காரன், அக்கரையில பொழைக்கப் போயிருக்கான். கோபம் ஆறினா வருவான்" என்றார் என் மாமியார். நாற்பத்தொரு வருடமாகியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கர் தோணியின் முன்பக்கம் போனார். பக்கவாட்டில் அடிவரை ஒரு பிளவு. அதில் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை.

"இந்த வெடிப்பை நான் அப்பவே பாத்தேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நகத்தளவுதான் இருந்துது. அவனே வந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

வாசலில் நின்ற விடுதிக்காரர், "என்னங்க, எத்தனை வயசாம்?" என்றார்.

கையோடு கொண்டுபோன தட்டச்சுப்பொறியில் தாளைச் செருகினேன். நாற்பத்தொன்று என்று அடித்தால், யாருடைய தோணி என்ற கேள்வி சாயங்காலத்துக்குள் என் மாமியாரின் கட்டிலுக்கு வந்து சேரும்.

"இருநூறு" என்றார் மூக்கர்.

"ஏங்க..."

"இருநூறுன்னு அடி."

அடித்தேன். விலையைச் சொல்லாமலே காருக்கு நடந்தார். நானே ஏதோ ஒன்றை அடித்து வைத்தேன்.

இரண்டே மாதம். தோணியைப் பார்க்க வந்த அருங்காட்சியகத்துப் பெண் மரத்தைத் துளி சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, ஐம்பது வருடம்கூட ஆகவில்லை என்று சொல்லிவிட்டாள். மூக்கருக்கு மூக்கறுந்தது என்று கடைத்தெருவே சிரித்தது. யாருடைய தோணி என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரிக்கவே நேரம் போதவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு முக்காலிகூட வயது கேட்டு வரவில்லை.

சிரிப்பு மட்டும் மாமியார் வரைக்கும் போய்விட்டது.

"ஏண்டா, நேத்துச் செதுக்கின கட்டையப் போய் இருநூறுன்னியாமே? கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"ஆமாம்மா. வயசாயிடுச்சு."

"சின்னவன் இருந்தா தொட்டுப் பாத்தே சொல்லியிருப்பான். மரம்னா அவன்தான். உனக்கு வெறும் மூக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "வரட்டும். வந்ததும் மொத வேலையா அந்தத் தோணியை அவன்கிட்ட காட்டு. இனிமேயாவது ரோஷம் பாக்காம வாயத் தொறந்து கேளு."

"கேக்கறேம்மா" என்றார்.