கத்திக்கொண்டிருந்த ஃபேன்

மரத்தில் பூ செதுக்க நான் வாங்கிய சின்ன மெஷினின் மோட்டார் இன்று கிறீச்சிட ஆரம்பித்தது. கழற்றி, அதன் தண்டு சுழலும் புஷ்ஷில் அப்பியிருந்த மரத்தூளைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் திறந்தேன். அந்த வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது.

சின்ன வயதில் இதே நெய்வேலியில், இன்னொரு பிளாக்கில் இருந்தோம். எங்கள் டேபிள் ஃபேனும் இப்படித்தான் கத்தும். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, ஜன்னலில் கம்பளியை மாட்டிவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். ஒரு தட்டு விழுந்தாலும் எழுந்துவந்து அடிப்பார். ஃபேன் சத்தம் மட்டும் அவருக்குப் பழகிப்போயிருந்தது. அதன் மறைவில்தான் அம்மாவும் நானும் பேசுவோம். சிரிக்கக்கூடச் செய்வோம்.

ஒருநாள் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மாமா, பாவம், உதவியென்று நினைத்து அதற்கு எண்ணெய் விட்டுவிட்டார். "இப்ப பாருங்க, சுத்துறதே தெரியல," என்றார் பெருமையாக. அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா கத்திக்கினு இருந்ததைக் கெடுத்துட்டாருடி."

அதன்பிறகு பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைத்தோம்.

இரண்டு சொட்டு விட்டு மோட்டாரைப் போட்டேன். சத்தமே இல்லை.

"சரியாயிடுச்சா?" ஹாலிலிருந்து கணவர் கேட்டார்.

"ஆச்சுங்க."

"ஏய், உன்னத்தான் கேக்கறேன். சரியாயிடுச்சா?"

பதில் சொல்லித்தான் இருந்தேன், கிசுகிசுப்பாக. அப்பா போய் எத்தனையோ வருஷமாகிறது. இந்த வீட்டில் பகலில் தூங்குகிறவர்கள் யாரும் இல்லை.