தூரான் கானுமின் பூனைப்புதினா

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் எட்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் தூரான் கானுமின் வாய்க்குத் தப்பியவர் யாருமில்லை. ‘கானும்’ என்பது அங்கே பெண்களை ‘அம்மா’ என்பதுபோல மரியாதையாக அழைக்கும் சொல். முப்பது வருஷம் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். நோயாளியையும் டாக்டரையும் ஒரே அதட்டலில் அடக்கிய பழக்கம், ஓய்வு பெற்றபின்னும் போகவில்லை.

மலையூரிலிருந்து மணமாகி வந்த புதிதில் புகுந்த வீட்டார் அவளுக்கு வைத்த பெயர் ‘மலையாடு’. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைசிக் காலத்தில் ஊசி போட்டதும் அவள்தான்.

கணவர் இறந்த வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பாதையோரப் பாறை இடுக்கிலிருந்து, வாசனையால் பூனைகளை மயக்கும் பூனைப்புதினாவின் வேர்களைப் பிடுங்கி வந்தாள். முற்றத்தில் சரளையும் சுண்ணாம்பும் கிடந்த மூலையில் நட்டாள். சாம்பல் பச்சை இலை, ஊதாப் பூ. முதல் வருஷம்தான் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அது தானாகவே வந்தது.

முற்றத்தின் மற்ற பாகமெல்லாம் குடியிருப்புச் செயலர் எஸ்கந்தரின் ராஜ்ஜியம். பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். புல்தரை, ரோஜா, இரண்டு வேளையும் குழாய்த் தண்ணீர்.

“தூரான் கானும், இந்தக் களையை எப்ப எடுக்கப் போறீங்க?”

“களை யாரையும் தொந்தரவு பண்ணல, இன்ஜினியர் ஐயா. உங்க புல்லுக்குத்தான் ஆயா வேலை பாக்கறீங்க. தொட்டில் ஒண்ணுதான் கட்டல.”

முதல் பூ உதிர்ந்ததும், மறுபடி பூக்கட்டும் என்று அவள் செடியை ஒரு சாண் உயரத்துக்கு மொட்டையடித்தாள். எஸ்கந்தர் மாடியிலிருந்து சிரித்தார். “பைத்தியம் முத்திடுச்சு!”

அடுத்த வாரம் அவள் மகளைப் பார்க்க தப்ரீஸ் போனாள். தெருப் பூனைகளெல்லாம் அங்கே வந்து புரளுகின்றன, அசிங்கம் என்று சொல்லி, எஸ்கந்தர் ஆள் வைத்துச் செடிகளைத் தோண்டிக் குப்பைத் தொட்டியருகே வீசிவிட்டார்.

ஊரிலிருந்து வந்தவள் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனாள். வாடிக் கிடந்த வேர்க்கட்டிகளைப் பொறுக்கி, சமையலறைக் கத்தியால் பிளந்தாள். மூன்று செடி ஏழானது. அதே மூலையில் ஊன்றினாள். பூனைகள் புரளாதபடி சுற்றிலும் முள்குச்சி செருகினாள். அரிசி களைந்த நீரைக் கொண்டுவந்து ஊற்றி, மாடியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

“ஒரு செடியைக் கொல்லக்கூடத் தெரியாதவரு பாலம் கட்டினாராம்! அந்தப் பாலத்துல யாரு போனாங்களோ, பாவம்!”

அந்தக் கோடையில் நகரத்துக்கே தண்ணீர் வெட்டு. புல்தரை காய்ந்த ரொட்டி போல் வெடித்தது. ரோஜாக்கள் கருகின. இலையுதிர் காலத் தொடக்கத்தில் முற்றத்தில் பூத்திருந்தது அந்த மூலை மட்டும்தான்.

எஸ்கந்தர் ஒரு பெட்டி இனிப்போடு அவள் வாசலில் நின்றார்.

“தெரியாமப் பண்ணிட்டேன், கானும். எனக்கும் ரெண்டு செடி…”

“தெரிஞ்சுதான் பண்ணீங்க. செடி தரேன். ஆனா நட்டப்புறம் சும்மா இருக்கணும். உங்களால முடியுமா?”

“அதுல என்ன கஷ்டம்?”

அவரால் முடியவில்லை. சாணி உரம் குவித்தார். வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். பிளாஸ்டிக் கூடாரம் கட்டினார். ஒரே மாதத்தில் தண்டு கொழகொழத்து, வேர் அழுகி நாறியது.

“வெயிலும் பனியும் கொல்லாததை நீங்க கொன்னுட்டீங்களே! உங்ககிட்ட வளர்ந்த புள்ளைங்க ஏன் கனடாவுக்கு ஓடினாங்கன்னு இப்பத்தான் புரியுது.”

எஸ்கந்தரின் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கம் அவளிடம் கிடையாது.

வசந்தம் வந்ததும் அவளே போய் அவருடைய பாத்தியில் இருந்த உரத்தையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு, சரளை நிரப்பி, நான்கு செடி நட்டாள். அப்படியே முற்றத்துக் குழாயின் திருகுபிடியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எஸ்கந்தர் இரண்டு முறை வந்து கேட்டும் தரவில்லை. அந்த வருஷம் இரண்டு பேர் பாத்தியும் ஊதாவாக இருந்தது.