மாமாவின் சயாம் மூட்டை

எங்கள் சந்திலிருந்து யார் கப்பல் ஏறினாலும் என் மாமாவைக் கேட்காமல் ஏறியதில்லை. நாள் குறிப்பதற்குப் பஞ்சாங்கக்காரரிடம் போவார்கள். மற்றதற்கெல்லாம் மாமாவிடம் வருவார்கள். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது, எதைத் தின்பது, எவனிடம் பேசுவது, எவனைப் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வது, எல்லாம் அவர்தான் சொல்லவேண்டும். எங்கள் பேட்டையான தேக்காவில் மாடுகளைக் கொட்டகைக்கு ஓட்டி முடித்த சாயங்கால வேளையில், கடைவீடுகளின் முன்னால் வெயில் மழை படாமல் நடப்பதற்காக விட்டிருக்கும் அஞ்சடியில், ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மாமா உட்காருவார். கேட்க வந்தவர்கள் தரையில் குந்துவார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, துணைக்கு ஓர் ஆளில்லாமல் தன்னந்தனியாகச் சயாமுக்குப் போய், ஒரு மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பியவர். போனது அந்த ஒரு தடவைதான். ஒரே ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு ஒரு வாரம் குழம்பு கூட்டும் கெட்டிக்காரிகள் இல்லையா, அதுபோல மாமா அந்த ஒரு பயணத்தை வைத்து எட்டு வருஷம் ஓட்டினார்.

"கப்பல்ல பாய் விரிச்ச இடம்தான் பட்டா. தண்ணி குடிக்க எந்திரிச்சாலும் பாய் மேல செருப்பை வச்சுட்டு எந்திரி."

"பக்கத்துல வாந்தி எடுக்கிறவனைப் பாக்காதே. வாந்தி வயித்துலேருந்து வராது, கண்ணு வழியாத்தான் ஏறும். நாரத்தங்காயை வாயில ஒதுக்கிக்கிட்டு தூரத்துல வானத்தைப் பாரு."

சயாமில் குழந்தைகளின் தலையைக் கொஞ்சுவதற்குக்கூடத் தொடக்கூடாது, அங்கே தலைதான் கோயில் என்பார். பாஷை தெரியாத ஊரில் முதலில் சிரிக்கவேண்டும், பிறகு வயிற்றைக் காட்டவேண்டும், வயிறு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பார். ஒரு தடவை அடுத்த சந்துச் சீனத் தச்சர்கூட வந்து, அரைகுறை மலாயில் கேட்டு, அரைகுறை மலாயில் பதில் வாங்கிக்கொண்டு போனார்.

இவை போக இரண்டு புத்திமதிகள் எப்போதும் கடைசியில் வரும். "தனியா வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, அண்ணன் பின்னால வர்றாருன்னு சொல்லு" என்பது ஒன்று. போய் இறங்கி மூன்று நாளைக்கு வீட்டுக்குக் கடுதாசி எழுதக்கூடாது என்பது இன்னொன்று. ஏன் என்று யாராவது கேட்டால் மாமா சிராங்கூன் ரோட்டில் மணியடித்துக்கொண்டு போகும் டிராமைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு மாட்டு வியாபாரம். நல்ல மாடுகள் சயாமிலிருந்துதான் வரும். அங்கே போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு தேர்ந்தெடுப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தார். அந்த வருஷம் அவர் மாட்டோடு சேர்த்து ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்கிவிட்டார். செய்தி வந்த மத்தியானம், சாப்பிடும்போது அப்பா சொன்னார்:

"ஊருக்கெல்லாம் வழி சொல்ற ஆளு நம்ம வீட்லயே இருக்காரு. வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையணும்? மச்சான், வர்ற புதன்கிழமைக் கப்பல்ல நீங்க போய்ட்டு வாங்க."

மாமாவின் கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, புதன்கிழமை வடக்கே சூலம், சயாம் வடக்கேதான் இருக்கிறது, ஆகாது என்றார். அப்பா அசரவில்லை. வடக்குச் சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் பரிகாரம் என்று பஞ்சாங்கமே சொல்கிறது. "பாலா வேணும்? எத்தனை குடம் வேணும், சொல்லுங்க" என்றார். கொட்டகையில் மாடுகள் கத்தின. ஆனால் புதன்கிழமை காலையில் அந்தப் பால் மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்கி, கப்பல் போய்விட்டது.

அடுத்த கப்பலுக்குப் புறப்பட்டு வாசல்படியில் கால் வைக்கும்போது தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது ஊரறிந்தது. அன்றைக்குத்தான் மாமா முதல்தடவையாக மூக்குப்பொடி போட்டிருந்தார்.

அன்று அப்பா மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சடியில் நின்று, நாலு பேர் காதில் விழ, அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பி அடுத்த கப்பல்லயும் போகலைன்னா, அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயி மாட்டுக்குத் தவிடு வைக்கப் போறேன். அப்புறம் பயணத்தைப் பத்தி அவன் யார்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாது."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. தம்பி சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த கப்பலும் புதன்கிழமைதான். அப்பா பஞ்சாங்கக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் விரல்விட்டு எண்ணி, திங்கட்கிழமை காலை நேரம் அருமை, பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார். நல்ல நேரம் ஒரு நாளும் கப்பல் வேறொரு நாளுமாக அமைந்தால் நம் ஆட்கள் செய்கிற ஏற்பாடு அது. நல்ல நேரத்தில் மூட்டையைக் கொண்டுபோய், போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஒரே நிபந்தனை, அதன்பிறகு ஆளும் வீடு திரும்பக்கூடாது, மூட்டையும் திரும்பக்கூடாது. திரும்பினால் பயணம் முறிந்தது.

எங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே, எதிர் வரிசையில், யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். குடும்பம் ஊரில். அவர் வீட்டில் வைப்பதென்று முடிவாயிற்று.

மாமா கதவைச் சாத்திக்கொண்டு மூட்டை கட்டினார். மூட்டை கட்டுவதும் ஒரு வித்தை, யாரும் பார்க்கக்கூடாது என்றார். வெளியே வந்தபோது அவர் தோளில் நெல்மூட்டைப் பருமனுக்கு ஒரு வெள்ளை வேட்டி மூட்டை. அப்பா கைகொடுக்கப் போனார், மாமா விடவில்லை. பாரம் தாங்காமல் முனகிக்கொண்டே, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, இருபதடிச் சந்தைக் கடந்தார். பாவமாக இருந்தது.

அந்தக் கப்பலில் அரிசி இறக்கி முடியவில்லை, சனிக்கிழமைதான் கிளம்பும் என்று செய்தி வந்தது. ஆக, மாமா ஐந்து நாள் வெளிநாட்டில் இருக்கும்படி ஆயிற்று.

நான்தான் வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோவேன். முதல் நாளே மாமா என்னை உட்காரவைத்து, "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். எங்கள் வீட்டு அடுப்புப் புகை அங்கிருந்தே தெரிந்தது. நானும் எல்லாரும் சௌக்கியம் என்றேன். "இந்தப் பக்கம் குழம்புல தேங்காய்ப்பால் கூட. காத்தும் வேற மாதிரி. ஆனா ஜனங்க நல்ல மாதிரி" என்றார். ஜனங்கள் என்றால் கிளார்க்கையா ஒருவர்தான். அவர் பேப்பரைக் கீழே இறக்காமலே சொல்வார்:

"தம்பி, நீர் சயாமுக்குப் போறதெண்டுதானே வெளிக்கிட்டனீர்? இது சயாம் இல்லை. என்ர வீடு."

"வழியில தங்கல் ஐயா. எல்லாப் பயணத்துலயும் உண்டு."

"மூட்டை வைக்கத்தான் இடம் கேட்டவை. ஆளையும் சேர்த்துத்தான் வைப்பினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை மாமா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, மூட்டை இருந்த மூலையைக் காட்டிச் சொன்னார்: "அந்தப் பக்கம் போயிடாதே. அந்த மூட்டை மட்டும் வீட்டுக்குத் திரும்பிட்டா என் பயணம் அவ்வளவுதான். நானா தூக்கிட்டு வந்தா ஊரு சிரிக்கும். உங்கப்பா தூக்கினா சாமி குத்தம். விவரம் தெரியாத பச்சப்புள்ள யாராவது தூக்கிட்டா, அதை யாரு என்ன சொல்ல முடியும்? அதனால சொல்றேன், நாளைக்குக் காலையில நான் பின்கட்டுல குளிக்கிற நேரம் பாத்து அதைத் தொட்டுடாதே."

நான் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆனால் ராத்திரி முழுக்க அது என் தலைக்குள் சுற்றியது. மாமா போய்விட்டால் யார் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தைப்பூசம் காட்டுவார்கள்? அம்மா வேறு, நாரத்தங்காய் கட்டும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். காலையில் என் மூளைக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. அதை நானேதான் கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கிளார்க்கையா ஆபீசுக்குப் போயிருந்தார். பின்கட்டில் மாமா தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். என்ன ஆச்சரியம், மாமா முனகிச் சுமந்த மூட்டை என் தலையில் பூவாக ஏறி உட்கார்ந்தது. நான் மாமாவைவிடப் பலசாலி என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அஞ்சடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காள், "எங்கடி சுமந்துகிட்டுப் போறே?" என்றாள். "மாமாவை வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றேன்.

தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போக ரிக்ஷா கூட்டிக்கொண்டு அப்பா வந்தபோது, மூட்டை எங்கள் வீட்டுச் சாமி விளக்குக்கு முன்னால் இருந்தது. அப்பா கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்தாள். அதற்குள் ஈரத்துண்டோடு மாமா சந்தைத் தாண்டி ஓடிவந்து, அப்பாவைவிடப் பெரிய குரலில் என்னைத் திட்டினார். என் சயாமைக் கெடுத்தியே, என் பிழைப்பைக் கெடுத்தியே என்றார். பிறகு கப்பல் கவிழ்ந்தவரைப் போலக் கன்னத்தில் கைவைத்து வாசல்படியில் உட்கார்ந்தார். கவிழாத கப்பலுக்கு அப்படி உட்கார்ந்தவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மத்தியானம் யாரும் பார்க்காதபோது என் கையில் ஒரு கடலைமிட்டாயைத் திணித்துவிட்டுப் போனார். திட்டினதற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் விட்டு வந்த கிளார்க்கையா காலியான மூலையைப் பார்த்துவிட்டு, "சயாம்காரர் ஊர் திரும்பிட்டாரோ? சந்தோசம்" என்றார்.

துணிகளை எடுத்து மடித்து வைப்பதற்காக அம்மா மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு தலையணை. மீதியெல்லாம் வைக்கோல். எங்கள் கொட்டகை வைக்கோல்தான். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் சொன்னாள்: "வர்ற மாடுகளுக்கு வழியில தீனி வேணுமில்ல, அதான் இப்பவே கட்டி வச்சிருக்கான் என் தம்பி. யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்." அவிழ்த்த மூட்டையை அப்படியே கட்டிப் பரணில் போட்டாள். இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதரைத் தடுத்துவிட்டோமே என்று எனக்கு மனசு உறுத்தியது.

மாமா அன்றிலிருந்து பெட்டியில் உட்காரவில்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். யாராவது கேட்கவந்தால், எனக்கென்ன தெரியும் என்று உள்ளே போய்விடுவார்.

வேறு வழியில்லாமல் அடுத்த கப்பலுக்கு அப்பாவே கிளம்பினார். முதல் நாள் சாயங்காலம் அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு மனசு கேட்கவில்லை. கண் படுகிறதைவிட மாடு பட்டினி கிடப்பது பாவமில்லையா?

"அப்பா, வைக்கோல் வச்சீங்களா?"

"வைக்கோலா? எதுக்கு?"

"மாமா வச்சிருந்தாரே. மூட்டை பூரா. தலையணைகூட ஒண்ணு வச்சிருந்தாரு."

அப்பாவின் கை முடிச்சில் நின்றது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு அந்த முடிச்சைப் போட்டு முடித்தார். பிறகு எழுந்து அஞ்சடிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

வெளியே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கையில் எடுத்ததும் பேச்சு அடங்கிவிட்டது. கொட்டகைக்குத்தான் போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மாமா தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்பா பெட்டியைத் துண்டால் தட்டி, பழைய இடத்தில் கவிழ்த்துப் போட்டார்.

"உக்காருங்க மச்சான்."

மாமா அசையவில்லை. அப்பா தரையில் குந்தினார். என் அப்பா தரையில் குந்தி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் இந்த ஊருக்கு வந்தப்போ கூட முப்பது பேர் வந்தாங்க. தனியா எங்கயும் போனதில்ல. கப்பல்ல எந்தப் பக்கம் படுக்கணும், சொல்லுங்க."

மாமா உட்கார்ந்தார். பாய் விரித்த இடம்தான் பட்டா என்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். கடுதாசி ஏன் எழுதக்கூடாது என்று அப்பா கேட்டார். இந்தத் தடவை மாமா டிராமைப் பார்க்கவில்லை.

"எழுதினா வீட்டு ஞாபகம் வந்துடும் அத்தான். அப்புறம் திரும்புற கப்பலுக்கு எத்தனை நாள்னு எண்ண ஆரம்பிச்சிடுவீங்க. நான் எண்ணினேன்."

அப்பா தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இதில் ஏன் அம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பா இளைத்துப்போய், பதினெட்டு மாடுகளோடு வந்து சேர்ந்தார். சந்தே கூடிச் சயாம் எப்படி என்று கேட்டது. "என்னைக் கேக்காதீங்க. மச்சான் சொன்ன மாதிரியேதான் இருக்கு. எதுன்னாலும் மச்சானைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். மாமா பெட்டியில் உட்கார்ந்தபடி எல்லாருக்கும் அப்பாவின் சயாமை விவரித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் மூட்டை வாசலிலேயே கிடந்தது. மாமாவின் மூட்டையில் பாதிதான் இருக்கும். உள்ளே கொண்டுபோய் வைத்து எல்லாரையும் அசத்தலாம் என்று பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். அசையவில்லை. கட்டிப் பிடித்து இழுத்தேன். முடிச்சுத்தான் கையோடு வந்தது. ஒரு மாதத்துக்குள் என் பலமெல்லாம் எங்கே போயிற்று என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அஞ்சடியில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

மாமா டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.