சோமனின் தோடு

கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு, வைக்கோலுக்கு அடியில் அது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் சோமன். இருக்கிறது. நேற்று அது அரிசிப் பானைக்குள் இருந்தது. அதற்கு முன் விறகுப்புரையில். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அலைவதுபோல, இந்த மனிதர் காராமை என்கிற கறுப்பு ஆமையின் ஓடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சொந்த வீட்டுக்குள்ளேயே அலைகிறார்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் யார் வீட்டுக் கிணற்றைத் தூர்வார வேண்டுமென்றாலும் சோமனைத்தான் கூப்பிடுவார்கள். தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, உள்ளே பாம்பு கிடந்தாலும் பயப்படாமல் இறங்கிவிடுவார். "கெணத்துக்குள்ள என்ன பேடி? பேடி எல்லாம் மேலயாக்கும்" என்பார்.

ஓடு கிடைத்தது கள்ளிக்காட்டுப் பக்கம், வற்றிப்போன ஒரு கிணற்றில். ஆமை என்றோ செத்து, சேற்றில் தோடு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆமை ஓட்டை இங்கே தோடு என்றுதான் சொல்வார்கள். கரிய முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்புகள், அடிப்பக்கம் ஓரமெல்லாம் மஞ்சள். கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, டிவிக்கு மேலே வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகுதான்.

வினை அந்த டிவியிலேயே வந்தது. ஆமை ஓடு வைத்திருந்த குற்றத்துக்காக யாரையோ வனத்துறையினர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைக் காட்டினார்கள். மகள் அனகா அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சையில் தேறி, போலீஸ் வெரிபிகேஷனுக்குக் காத்திருக்கிற நேரம். அப்பன் மேல் கேஸ் விழுந்தால் மகளுடைய வேலை போய்விடும் என்று சோமன் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. யார் சொல்லியும் அதைப் பிடுங்க முடியவில்லை.

"எங்கயாவது தூரக் களையுங்களேன்" என்று மனைவி சரோஜம் சொல்லாத நாளில்லை.

"எங்க களைய? குழிச்சு மூடுனா பட்டி மோந்து தோண்டும். ஆத்துல போட்டா ஆளுவ கண்ணுல படும். நானா கொன்னேன் எட்டீ? செத்துக் கெடந்ததாக்கும்!"

போன வெள்ளிக்கிழமை, காக்கி கால்சட்டை போட்ட ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். "சேட்டா, இவிடெ தோடு உண்டோ?" என்று கேட்டார்.

தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லையோர ஊர்களில் தோடு மூன்று உண்டு. காதில் போடுவது ஒன்று, ஆமை முதுகில் இருப்பது ஒன்று, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை ஒன்று. வந்தவர் ஓடையை அளக்கப் பஞ்சாயத்து அனுப்பிய ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சோமன் காதுக்கோ உலகத்தில் ஒரே தோடுதான்.

"தோடா? இங்க ஒண்ணும் இல்ல சாறே."

"மேப்பில் காணுந்நுண்டல்லோ. வீட்டின்றெ புறகில்."

வீட்டுக்குப் பின்னால்தான் கோழிக்கூடு. வானத்திலிருந்து பார்த்து மேப்பிலேயே போட்டுவிட்டார்களா? சோமன் விறுவிறுவென்று போய், வைக்கோல் ஒட்டியிருந்த தோட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார்.

"நான் கொல்லல்ல சாறே. எம் மோளுக்கு ஒண்ணும் வரப்பிடாது."

வந்தவர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ சேட்டா, வெள்ளம் போகுந்ந தோடு!" பிறகு, "கொள்ளாமல்லோ" என்று மெச்சிச் சிரித்துக்கொண்டே அந்த ஓட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஓடையை அளந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சோமனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படம் இப்போது யார் யார் போனில் இருக்கிறதோ! தானே கையில் ஏந்திக் காட்டிய படம். சரோஜம் திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் கூட்டுக்கும் பானைக்குமாக நடந்துகொண்டேயிருக்கிறார்.

இதோ, வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிற சத்தம்.

"அப்பா, ஆரோ வந்திருக்காவ" என்று அனகா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

சோமன் தோட்டைத் துவர்த்தில் பொதிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கிணற்றின் கயிற்றைப் பிடித்து, சத்தம் காட்டாமல் கீழே இறங்குகிறார்.