காசத் தந்துட்டுக் கிழிங்க

நேற்று அதிகாலை சுபஹ் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஹார்ட்வெயார் கடை அன்சாரின் தங்கை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஸக்கியா மௌத்தாகிவிட்டார். மூன்று கதைத் தொகுதிகள் எழுதியவர் என்பதை அந்த மரண அறிவிப்பில் சேர்க்கவில்லை. அதனால்தான் அவரை எழுத்தில் மட்டும் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

மருதமுனையில் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அக்கா முறைக்கு அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய முதல் தொகுதியைக் கொழும்புப் பதிப்பகம் ஒன்று போட்டது. ரோயல்டிக்குப் பதிலாக ஒரு கட்டுப் புத்தகம் பஸ்ஸில் வந்தது. இரண்டாம் பதிப்பு வந்ததை, கடையில் அதைக் கண்டபோதுதான் ராத்தா அறிந்தார்.

“பேர் வருகுதுதானே எண்டு சொல்றானுகள். பேர அவிச்சித் திங்கிறதா புள்ள?”

அடுத்த தொகுதியைத் தன் தங்கக் காப்பை விற்று அவரே அச்சிட்டார். நம் ஊர்களில் சொந்தமாகப் புத்தகம் போடுபவருக்கு வெளியீட்டு விழாதான் சந்தை. வருகிறவர்கள் கவரில் வைத்துத் தரும் காசு திரும்பினால்தான் அடுத்த புத்தகம். முதல் பிரதி வாங்கும் முதலாளியின் கவர்தான் கனமானது.

ராத்தாவின் விழாவில் அந்த முதலாளி மேடையேறும் நேரத்தில், அவருடைய அண்ணன் அன்சார் காக்கா ஆட்களோடு மண்டபத்துக்குள் பாய்ந்தார். மனைவியைப் பெல்ட்டால் அடிக்கும் ஒருவனின் கதை புத்தகத்தில் இருந்தது. கதையில் பெயர் இல்லை. ஊருக்குப் பெயர் தேவைப்படவில்லை. கதிரைகள் பறந்தன. முதலாளி கவரோடு பின்வாசலால் போய்விட்டார். கதிரைக்கால் பட்டு ராத்தாவின் நெற்றி பிளந்தது. குறுக்கே போன என் மணிக்கட்டு முறிந்தது. பிறகு காக்கா மேசையிலிருந்த புத்தகங்களைக் கிழிக்கத் தொடங்கினார்.

ராத்தா எழும்பி, இரத்தம் கண்ணில் வழிய, அவருடைய சட்டையைப் பிடித்தார்.

“கிழிங்க காக்கா. காசத் தந்துட்டுக் கிழிங்க. இது எண்ட காப்பு.”

“உனக்குக் காசொரு கேடா?”

கன்னத்தில் அறை விழுந்தது. ராத்தா பிடியை விடவில்லை. மற்றக் கையை விரித்து நீட்டியபடியே நின்றார். கடைசியில் சட்டைதான் கிழிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும், “எத்தின மிச்சம் புள்ள?” என்றுதான் கேட்டார். அடுத்த நாள் சில பெண்கள் வீட்டுக்கு வந்து, கிழிந்த பிரதிகளுக்கும் விலை கொடுத்தார்கள். மூன்றாவது புத்தகம் அந்தக் காசில் வந்தது.

நேற்று அடக்கம் முடிந்து வந்த காக்கா, ராத்தா வீட்டு முற்றத்தில் என் முன் வந்து நின்றார்.

“டீச்சர், அந்தப் பொத்தகத்தில ஒண்டு தாங்க. தங்கச்சிர ஞாபகத்துக்கு.”

உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, மழைக்கு இன்னும் நோகும் கையை விரித்து நீட்டினேன்.

“காசு தாங்க காக்கா.”

அவருடைய முஷ்டி இறுகியது. நான் விலகவில்லை. பிறகு அந்தக் கை விரிந்து சட்டைப் பைக்குள் போனது.

ராத்தா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நீட்டிய கையைத்தான்.